குளோன் செய்த டிஸ்க்கில் பாதி இடம் காணோமா? அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடை. பில்லிங் கம்ப்யூட்டரில் இருந்த 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டதால், ராத்திரி கடை மூடிய பிறகு அதை 1 டிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து மாட்டினேன். விண்டோஸ் திறந்தது, பில்லும் அடித்தது. மணி பதினொன்றரை. தண்டையார்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். காலையில் போன்: "இன்னாப்பா, ஒரு டிபின்னு சொன்ன, உள்ள 464தான் காட்டுது? டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்லை. நான்தான் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தேன்.

குளோன் என்றால் பழைய டிஸ்க்கை அச்சு அசலாக எடுப்பது. ஃபைல்கள் மட்டுமல்ல, பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி, அதன் அளவும் அப்படியே வந்து உட்காரும். இரண்டு கிரவுண்டு மனை வாங்கிவிட்டுப் பழைய அளவிலேயே காம்பவுண்டு சுவர் எழுப்பின கதைதான். மீதி மனை எங்கும் போகவில்லை, சுவருக்கு வெளியே கிடக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் கருப்புப் பட்டையாகத் தெரியும். அதற்குக் கீழே 'அன்அலோகேட்டட்', அதாவது யாருக்கும் ஒதுக்காத இடம் என்று எழுதியிருக்கும்.

இதைப் பார்க்காமலேயே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கக் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஓடுகிறார்கள். அதுதான் முதல் தவறு. கூடவே ஒன்று: இடத்தை மீட்ட பிறகும் 1000 ஜிபி வராது, 931தான் வரும். தயாரிப்பவர்கள் லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக வகுத்துக் கணக்குப் பார்க்கிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவதும் இதனால்தான். யாரும் ஏமாற்றவில்லை.

சரி, சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டென்ட் வால்யூம்' கொடுத்தால் முடிந்ததா? பல நேரம் அந்த வரியே மங்கி, அழுத்த முடியாமல் நிற்கும். இங்கேதான் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். விண்டோஸுக்கு சி டிரைவின் வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருக்க வேண்டும். ஆனால் நடுவில் ஐந்நூறு, அறுநூறு எம்பியில் ரெக்கவரி பார்ட்டிஷன் குந்தியிருக்கும். நம் வீட்டுக்கும் காலி மனைக்கும் நடுவே யாரோ ஒரு மோட்டார் ரூம் கட்டி வைத்த மாதிரி.

அதை எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள். விண்டோஸ் திறக்காமல் மக்கர் செய்யும் நாளில் சரிசெய்யும் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. பார்ட்டிஷன் மென்பொருள் ஒன்றால் அதை வலது கோடிக்கு நகர்த்திவிட்டு, அப்புறம் சி டிரைவை நீட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிபார்ட்டடே போதும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும். 48 இலக்க ரெக்கவரி எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள், அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைத்துப் பயனில்லை. நகர்த்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதோ கதிதான், எனவே யுபிஎஸ் இல்லாமல் நான் தொடுவதே கிடையாது.

விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில், டிஸ்க்கையே துடைத்துவிடும் 'கிளீன்' கட்டளையைக் கொடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்த நேரத்தில் டிஸ்க் எண்ணை மாற்றிப் போட்டு ஒருமுறை கொடுத்துவிட்டேன். 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் பார்ட்டிஷன் அத்தனையும் போய்விட்டது. என் சொந்த கம்ப்யூட்டர், அதனால் திட்டு வாங்காமல் தப்பித்தேன்.

2 டிபிக்கு மேல் போனால் சிக்கல் வேறு. ராயபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பி, வீடியோ சேர்த்து வைக்கும் 2 டிபி டிஸ்க்கை 4 டிபிக்குக் குளோன் செய்திருந்தார். கருப்புப் பட்டை 1678 ஜிபி என்று தெரிகிறது, ஆனால் நீட்டவும் முடியவில்லை, புதிதாக டிரைவ் போடவும் முடியவில்லை. பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் இருந்தது, பார்ட்டிஷன் விவரத்தை எழுதி வைக்கும் பழைய முறை அது. குளோனோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. 512 பைட் செக்டர் கணக்கில் எம்பிஆருக்கு 2 டிபிதான் எல்லை, அதற்கு மேல் இருப்பது அதன் கண்ணுக்கே எட்டாது. வீடியோ மட்டும் இருக்கும் டிஸ்க்குக்குக் குளோனே தேவையில்லை. புது டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறையில் தொடங்கி, ஃபைல்களைக் காப்பி செய்தால் போதும். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் செய்தோம், ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க் என்றால் விண்டோஸ் 10, 1703 பதிப்பிலிருந்து உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற உண்டு. ஆனால் மதர்போர்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகுமா என்று பார்க்காமல் மாற்றினால் கம்ப்யூட்டர் திறக்கவே திறக்காது.

இன்னொரு சின்ன விஷயம். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதல் பூட் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். அதைப் பார்த்து டிஸ்க் செத்துப்போச்சு என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கழற்றிய டிஸ்க்கை அன்றைக்கே ஃபார்மட் செய்து வேறு வேலைக்கு எடுப்பதும் வேண்டாம். எம்.சி. ரோடு கடையின் 500 ஜிபி, மேலே தேதி எழுதிய டேப்போடு ஒரு மாதம் என் அலமாரியில் கிடந்தது. மாதக் கணக்கு முடித்து, பழைய பில் எல்லாம் திறக்கிறது என்று ஓனர் சொன்ன பிறகுதான் அதைத் துடைத்தேன்.