நிவாரண லாஜிஸ்டிக்ஸ் சான்றிதழ்: படிக்கச் சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்களின் நல்ல மனதில் குறையில்லை. ஆனால் எது வேண்டும், எவ்வளவு வேண்டும், வந்ததை எங்கே இறக்குவது என்று கணக்குப் பார்க்காவிட்டால் நிவாரணமே சுமையாகிவிடும். அந்தக் கணக்கைப் பார்ப்பவர்தான் லாஜிஸ்டிக்ஸ் பணியாளர். அதனால்தான் இந்தப் படிப்பைப் பேருக்குப் படித்துவிட்டு யாரும் களத்துக்குப் போகக் கூடாது என்கிறேன்.

பலரும் செய்யும் முதல் தவறு, எல்லாச் சான்றிதழையும் ஒன்றாக எண்ணுவது. காயா, டிஸாஸ்டர்ரெடி போன்ற இணையப் பயிற்சித் தளங்களில் இலவசமாகவே படிக்கலாம், அறிமுகத்துக்கு அருமையானவை. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் பாடத்தை முடித்ததற்கான சான்று. லாஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துத் துறையினருக்கான பிரிட்டனின் சிஐஎல்டி அமைப்பு அங்கீகரித்த மனிதாபிமான லாஜிஸ்டிக்ஸ் சான்றிதழ் வேறு வகை. களத்தில் வருவது போன்ற வேலைகளைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். பயிற்சியாளர் பார்த்துக் கருத்துச் சொல்வார். மனப்பாடம் அங்கே உதவாது.

லாரியும் கோடவுனும் தெரிந்தால் போதும் என்று கொள்முதல் பாடத்தைத் தள்ளிவிடுவது இன்னொன்று. பொருள் கேட்பவர், வாங்குபவர், வந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவசரம் என்று இதை விட்டுக்கொடுத்தால் தணிக்கையில் மாட்டுவது நிறுவனம், நிவாரணம் நின்றுபோவது மக்களுக்கு.

எனக்கு அதிகம் கவலை தருவது, கையால் செய்து பார்க்காமல் படிப்பது. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் அடுக்கினால் மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் உறைந்து வீணாகும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பேக்கைச் சற்று வெளியே வைத்து, காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். ஸ்டாக் கார்டும் அப்படித்தான். வரவு, செலவு, இருப்பு, பேட்ச் எண், காலாவதி தேதி என்று கட்டம் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. நூறு பெட்டி என்று கார்டு சொல்ல, எண்ணினால் தொண்ணூற்றேழு வரும். அந்த மூன்றையும் சரக்கோடு வரும் சீட்டான வே பில்லில் தேடிப் பிடிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் ஏதாவது தொண்டு நிறுவனக் கிடங்கு இருந்தால், இருப்பை எண்ணிச் சரிபார்க்கும் நாளில் உதவிக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.

கடைசியாக, பணம் கட்டினால் சான்றிதழோடு ஐ.நா. வேலையும் உறுதி என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்க ஐ.நா. எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.