அம்பாசிடரா, பத்மினியா: எண்களை வைத்து ஒப்பிடும் முறை

இரண்டு பழைய கார்களை ஒப்பிட உட்காரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஆண்டின் எந்த மாடல் என்பதைத்தான். அம்பாசிடர் என்ற ஒரே பெயரில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையிலிருந்து 2014 வரை வெளிவந்த வண்டிகளில், 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் உண்டு, அதே கொள்ளளவில் டீசலும் உண்டு, 1990களில் வந்த 1817 சிசி இசுசு எஞ்சினும் உண்டு. இசுசு வண்டியைப் பழைய 1089 சிசி பிரீமியர் பத்மினியோடு நிறுத்தி வைத்து வென்றது எது என்று கேட்பதில் பொருளில்லை. எனவே 1970களின் பிற்பகுதியில் வந்த பெட்ரோல் அம்பாசிடரையும் அதே காலத்துப் பத்மினியையும் எடுத்துக்கொள்வோம்.

அடுத்து, குதிரைத்திறன் எந்த முறையில் அளக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் விசிறி, டைனமோ, சைலன்சர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டி அளந்த எண், அவற்றோடு அளந்த எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு வண்டிக்கு முதல் முறையின் எண்ணையும் மற்றொன்றுக்கு இரண்டாம் முறையின் எண்ணையும் எழுதி வைத்துவிட்டால், அதன்பின் செய்யும் கணக்கு முழுவதும் வீண்.

இனி எடையைச் சேர்த்துப் பார்க்கலாம். அம்பாசிடருக்குச் சுமார் 50 குதிரைத்திறன், வெற்று எடை ஏறத்தாழ 1100 கிலோ. பத்மினிக்குச் சுமார் 40 குதிரைத்திறன், எடை 895 கிலோ. வகுத்துப் பார்த்தால் இரண்டுமே டன்னுக்கு 45 குதிரைத்திறனை ஒட்டியே நிற்கின்றன. ஆனால் வண்டி வெறுமையாக ஓடுவதில்லை. ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேரை ஏற்றினால் அம்பாசிடர் டன்னுக்கு 34 ஆகவும், பத்மினி 32 ஆகவும் இறங்குகின்றன. சிறிய வண்டியைத்தான் சுமை அதிகம் பாதிக்கிறது. குடும்பத்தோடு மலையேறுபவர் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

எஞ்சினின் குணத்தை அறிய, போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (அதற்குள் பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்) அளவுகளைப் பாருங்கள். அம்பாசிடரில் 73.025 மி.மீ. போருக்கு 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், பத்மினியில் 68 மி.மீ. போருக்கு 75 மி.மீ. ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 4000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் முன்னதில் நொடிக்கு 11.9 மீட்டர், பின்னதில் 10 மீட்டர். பிஸ்டன் வேகம் குறைவென்பதால் பத்மினியின் எஞ்சின் மேல் சுற்றுகளில் அவ்வளவு திணறாமல் ஓடுகிறது. அம்பாசிடரோ கொள்ளளவு பெரிதென்பதால் குறைந்த சுற்றிலேயே இழுத்துக்கொண்டு போகும், அதை விரட்டுவதில் பயனில்லை.

சஸ்பென்ஷனில் பின்புறம் இரண்டுக்கும் லீஃப் ஸ்பிரிங்தான் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்). முன்புறத்தில் அம்பாசிடருக்கு டார்ஷன் பார் (முறுங்கி அதிர்வைத் தாங்கும் எஃகுக் கம்பி), பத்மினிக்குக் காயில் ஸ்பிரிங் (சுருள்வில்). பிரேக் இரண்டிலும் நான்கு சக்கரங்களிலும் டிரம் என்பதால், அங்கே காகிதத்தில் ஒப்பிட அதிகமில்லை.

சாலையில் சோதிக்கும்போது ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம். பழைய முள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும், டயர் அளவு மாறியிருந்தால் தூரக்கணக்கும் பிசகும். கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர் படிக்க, டாப் கியரில் 40லிருந்து 70 கி.மீ. வேகத்தை எட்டும் நேரத்தை, போக்குவரத்தில்லாத ஒரே சாலையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். காற்றும் சரிவும் அப்போதுதான் ஈடாகும். சோதனைக்கு முன் இரண்டு வண்டிகளிலும் டயர் காற்று, ஸ்பார்க் பிளக் இடைவெளி, டைமிங் (பிளக் பொறி விழும் நேரம்), டேப்பெட் (வால்வு இடைவெளி) ஆகியவற்றைச் சரிசெய்து, எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது கட்டாயம். பல கைகள் மாறிய வண்டிகளில் பானெட்டுக்குள் இருப்பது வேறொரு எஞ்சினாகவும் இருக்கலாம்.