மொய்னாவின் நீச்சல் வேகம்: வீட்டிலேயே அளக்கும் முறை

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன்குஞ்சுகளுக்குத் தீனியாக மொய்னா என்ற நுண்ணிய நன்னீர் உயிரி கிடைக்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உடம்பு. கிளைவிட்ட இரண்டு உணர்கொம்புகளைத் துடுப்புபோல் அடித்துத் துள்ளித் துள்ளி நீந்தும். அந்தத் துள்ளலை அளக்க ஒரு போனும் கணினியும் போதும்.

முதலில் தண்ணீர். மெட்ரோ வாட்டரை அப்படியே ஊற்றாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். மொய்னாவோடு கடைக் கவரில் வந்த தண்ணீரே நல்லது. பெட்ரி டிஷ்ஷில் (தட்டையான வட்டக் கிண்ணம்) அரை சென்டிமீட்டர் ஊற்றி, இங்க் ஃபில்லரால் ஒரே ஒரு மொய்னாவை விடுங்கள். ஆழம் கூடினால் மேலும் கீழும் நீந்தும். மேலிருந்து எடுக்கும் வீடியோவில் அந்தத் தூரம் பதியாது. பத்து நிமிடம் பழகட்டும்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலோரம் வேண்டாம், ஒரு பக்க வெளிச்சம் அதன் போக்கையே மாற்றிவிடும். இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் கண்ணாடி, அதன்மேல் ட்ரேசிங் தாள், தாளின்மேல் டிஷ், கண்ணாடிக்கு அடியில் எல்இடி பல்பு. சென்னை வெயிலில் இத்தனை குறைந்த தண்ணீர் சட்டென்று சூடேறும். சூடு மாறினால் நீச்சலும் மாறும் என்பதால், ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னும் பின்னும் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்.

போனை நேர் மேலே ஸ்டாண்டில் பொருத்துங்கள். டிஷ்ஷின் அடியில் ஸ்கேலை வைத்துச் சில நொடி எடுத்து, போனை அசைக்காமல் ஸ்கேலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வெளிச்சம் குறைந்தால் போன் நொடிக்கு எடுக்கும் ஃப்ரேம்களை, அதாவது படங்களை, தானாகவே குறைத்துவிடும். இன்னொரு போனில் ஓடும் ஸ்டாப்வாட்சை ஒருமுறை படமெடுத்துச் சரிபாருங்கள்.

கணினியில் டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, ஸ்கேலை வைத்து அளவுகோலை நிர்ணயியுங்கள். பிறகு பாயின்ட் மாஸ் (நகரும் பொருளைக் குறிக்கும் புள்ளி) உருவாக்கி, ஷிஃப்ட்டை அழுத்தியபடி மொய்னாவின்மேல் க்ளிக் செய்தால் ஃப்ரேம் தானே நகரும்.

எத்தனை ஃப்ரேமுக்கு ஒரு புள்ளி? முடிவே இதில்தான் இருக்கிறது. ஒரு மொய்னா 3 நொடியில் வளைந்து வளைந்து 24 மி.மீ. போகிறது என்று வையுங்கள்: நொடிக்கு 8 மி.மீ. நொடிக்கொரு புள்ளி மட்டும் வைத்தால் வளைவெல்லாம் நேர்கோடாகி, தூரம் 15 மி.மீ. ஆகிவிடலாம், வேகம் 5 என்று வரும். சரி, ஒவ்வொரு ஃப்ரேமிலும் வைத்தால்? கை நடுக்கமும் தூரமாகச் சேரும். அதைக் கண்டுபிடிக்க, டிஷ்ஷின் அடியில் ஒட்டிய அசையாத தூசி ஒன்றையும் அதேபோல் க்ளிக் செய்யுங்கள். அந்தத் தூசி நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் 'நீந்துகிறதோ', அதுதான் உங்கள் பிழை. அது மொய்னாவின் வேகத்துக்கு முன் மிகச் சிறிதாகும்வரை புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டுங்கள். வேகத்தை எழுதும்போது இடைவெளியையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்.

டிஷ் ஓரத்தை உரசிச் செல்லும் பகுதிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே மொய்னாவைப் பத்து முறை எடுப்பதைவிட, பத்து மொய்னாக்களை ஒவ்வொரு முறை எடுங்கள். முடிந்ததும் அவற்றைப் பாசி படர்ந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிடலாம், அங்கே பெருகும்.