எரர் காட்டாத தவறுகள்: இட்டரேட்டரில் எங்கே சறுக்குகிறோம்

கல்லடியில் என் மாலை வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் மடிக்கணினியை என் முன்னால் வைத்து, "எரர் ஒண்டும் வரல்ல சேர், ஆனா ஒரு ஊர் மட்டும் போகுதில்ல" என்றார். மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களைப் பட்டியலாக வைத்து, லூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஆள் இறங்காத இடங்களை நீக்குகிற சின்னப் புரோகிராம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா என்று ஐந்து ஊர்கள். நாவற்குடாவும் காத்தான்குடியும் போக வேண்டும். ஓட்டினால் காத்தான்குடி அப்படியே நிற்கிறது.

அது பைத்தன். லூப்புக்குப் பின்னால், பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் இருக்கிறது. அதற்கு ஊர்ப் பெயர் தெரியாது. எத்தனையாவது இடம் என்ற எண்ணைத்தான் அது வைத்திருக்கிறது. நாவற்குடாவை நீக்கியதும் பின்னால் உள்ளவை ஓரிடம் முன்னே நகர்கின்றன. காத்தான்குடி நாவற்குடாவின் இடத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்தைப் பார்த்து முடித்த இட்டரேட்டர் அடுத்த எண்ணுக்குப் போகிறது, அங்கே நிற்பது ஆரையம்பதி. காத்தான்குடியை யாரும் விசாரிக்கவே இல்லை.

உயர்தரத்தில் பைத்தன் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஜாவாவைத் தொடும்போது, இதே தவறு வேறு முகத்தோடு வருகிறது. ஜாவாவின் பட்டியலான அர்ரேலிஸ்ட்டில் ஃபார்-ஈச் லூப்புக்குள் நின்று நாவற்குடாவை நீக்கினால், அடுத்ததைத் தரச் சொல்லும் நெக்ஸ்ட் அழைப்பிலேயே 'கன்கரன்ட் மொடிஃபிகேஷன் எக்செப்ஷன்' என்ற எரர் விழும். பெயரைப் பார்த்துப் பலர் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பிரச்சினை என்று தேடப் போய்விடுகிறார்கள். த்ரெட்டுக்கும் இதற்கும் இங்கே சம்பந்தம் இல்லை. பட்டியல் எத்தனை முறை மாறியது என்று ஒரு கணக்கு உள்ளே ஓடுகிறது. இட்டரேட்டர் பிறந்தபோது இருந்த கணக்கோடு அது ஒத்துப்போகாவிட்டால் ஜாவா நிறுத்திவிடும்.

ஆனால் அந்தக் காவலையும் முழுதாக நம்ப முடியாது. ஐந்தில் நான்காவதான ஆரையம்பதியை நீக்கிப் பாருங்கள். எக்செப்ஷன் வராது. நான்கு ஊர் பார்த்தாயிற்று, பட்டியலின் அளவும் இப்போது நான்கு. இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் 'ஹேஸ்நெக்ஸ்ட்' இரண்டையும் ஒப்பிட்டு, முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. தாழங்குடாவைத் தொடாமலே லூப் முடிகிறது. கடைசி ஊரை நீக்கினாலோ, எண்கள் ஐந்தும் நான்கும் ஒத்துப்போகாததால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று எண்ணி, எக்செப்ஷனில் போய் முட்டும். சோதனைக்கு எடுத்த பட்டியலில் எந்த இடத்தை நீக்கினீர்கள் என்பதைப் பொறுத்து, பிழையான கோட் சரியானதுபோலத் தெரியும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

திருத்துவது லேசு. ஜாவாவில் பட்டியலின் ரிமூவை விட்டு, இட்டரேட்டரின் ரிமூவை அழையுங்கள். 2014இல் வந்த ஜாவா 8 முதல் நிபந்தனைக்குப் பொருந்துவதை எல்லாம் நீக்கும் 'ரிமூவ்இஃப்' ஒரே வரியில் முடித்துவிடும். பைத்தனில் வேண்டியவற்றை மட்டும் எடுத்துப் புதுப் பட்டியல் கட்டுங்கள்.

அப்புறம், ஒரே சுற்றில் நெக்ஸ்ட்டை இரண்டு தரம் அழைப்பது. இஃப் நிபந்தனைக்குள் ஒரு தரம், அச்சிடும் வரியில் இன்னொரு தரம். கல்லடியைச் சோதித்துவிட்டு நாவற்குடாவை அச்சிடும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அழைப்பும் நடந்தால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கடைசியில் எக்செப்ஷன் வந்து காட்டிக்கொடுக்கும். இரட்டைப்படையில் சத்தமே வராது. நெக்ஸ்ட் தந்ததை முதலில் ஒரு மாறியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பைத்தனில் மேப், ஜெனரேட்டர் போல, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருபவை ஒருமுறை நடந்தால் தீர்ந்துவிடும். கூட்டுத்தொகை எடுத்துவிட்டு மறுபடி எண்ணினால் பூச்சியம்தான் வரும். இரண்டு தரம் வேண்டுமென்றால் லிஸ்ட்டாக மாற்றி வையுங்கள்.

சொந்தமாக கிளாஸ் எழுதுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு, நான் அதிக நேரம் செலவழித்துச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். 'பஸ்வழி' என்று ஒரு கிளாஸ். லூப் தொடங்கும்போது இட்டரேட்டரைத் தர வேண்டிய அதன் 'இட்டர்' மெதட், எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டுத் தன்னையே திருப்பித் தருகிறது. ஒரு லூப்புக்கு நன்றாகவே ஓடும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ன கட்டணம் என்று அட்டவணை போட, லூப்புக்குள் லூப் வைத்ததும் குழப்பம். ஐந்து ஊருக்கு 25 ஜோடி வர வேண்டிய இடத்தில் 5தான் வருகிறது. வெளி லூப் கல்லடியில் நிற்க, உள் லூப் அதே எண்ணைக் கடைசி வரை ஓட்டிவிட்டது. திரும்பி வந்த வெளி லூப்புக்கு நடக்க ஊர் மிச்சமில்லை.

பட்டியல் ஒரு பொருள், அதில் நடக்கிறவர் வேறொரு பொருள். நடக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பட்டியலிடம் எழுதிவைக்கக் கூடாது. 'இட்டர்' ஒவ்வொரு முறையும் புது இட்டரேட்டரைத் தர வேண்டும். பைத்தனில் அந்த மெதட்டுக்குள் ஊர்களை 'யீல்ட்' மூலம் ஒவ்வொன்றாகத் தந்தாலே போதும், அழைக்கும் ஒவ்வொரு லூப்புக்கும் தனித்தனியாக ஒன்று பிறக்கும். தம்பியை இப்படி மாற்றி எழுதச் சொல்லி ஓட்டினோம், 25 வரியும் வந்தது. பிறகு வெறும் பட்டியல், ஒரே ஊர் உள்ள பட்டியல் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மடிக்கணினியை மூடினார்.