பக்கவாதத்துக்குப் பின் தீராத அசதி: வீட்டில் என்ன செய்யலாம்?

கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது. ஆனாலும் குளித்துவிட்டு வந்தாலே படுக்கையைத் தேடுகிறார். "நல்லாத்தான இருக்காவ, சோம்பல்தான்" என்று வீட்டில் பேச்சு எழும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அசதி உண்டு. லேசாக வந்து போனவர்களையும் விடாது. தூங்கி எழுந்தாலும் தீராது.

டானிக் வாங்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஏழு நாளைக்கு எழுந்த நேரம், செய்த வேலை, மாத்திரை போட்ட நேரம், தூக்கம், இரண்டு மணிக்கொரு முறை அசதிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், இவ்வளவையும் எழுதுங்கள். எது ஆளைச் சாய்க்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பல வீடுகளில் அது உடற்பயிற்சியாக இருக்காது. சாயங்காலம் தார்சாவில் கூடி, டிவியும் ஓட நான்கு பேர் ஒரே நேரத்தில் நலம் விசாரிப்பதாக இருக்கும். அடிபட்ட மூளைக்கு அத்தனை பேச்சையும் பிரித்துக் கேட்பதே பெரிய உழைப்பு. ஒரு நேரத்தில் இரண்டு பேர், இருபது நிமிடம், டிவி அணைத்து.

அந்த நோட்டோடு மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், தூக்க மாத்திரை எல்லாமே அசத்தக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும். அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றுவார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12-உம் பார்க்க வேண்டும். நீர் மாத்திரை போட்டுக்கொண்டு உப்பையும் அடியோடு விட்ட வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கி, ஆளே மந்தமாகிவிடுவதுண்டு. தெம்புக்கென்று கொடுக்கும் கருப்பட்டிக் காப்பியும் சர்க்கரையை ஏற்றும்.

இரவில் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் இருந்து, திணறி மறுபடி தொடங்கினால் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு. பக்கவாதக்காரர்களிடம் மிகச் சாதாரணம், சிகிச்சையும் உண்டு. தோள் வலி, மன வாட்டம், அடிக்கடி அழுகை இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தெம்பை மிச்சம் பிடிக்க நல்ல இடம் குளியல். நின்று குளிப்பதை விட்டு, கைப்பிடி உள்ள, வழுக்காத நாற்காலியில் உட்காரட்டும். துவட்டி முடித்துப் பத்து நிமிடம் இளைப்பாறிய பிறகு உடை. சட்டையில் பலவீனமான கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். மாற்றிச் செய்தால் அந்தப் போராட்டத்திலேயே காலைத் தெம்பு போய்விடும்.

களைத்த பிறகு படுப்பதல்ல, களைக்குமுன் படுப்பதே முறை. மதியத் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணி போதும். தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான்.

நடையை விட்டுவிடக் கூடாது; படுத்தே இருந்தால் தசை வற்றி அசதி கூடும். டாக்டர் சரி என்றதும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது அசதி இல்லை. உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.