முதல் பத்து லிட்டர்: எல்லா எண்ணும் சரியாக வரும் ஒரு பீர் காய்ச்சும் நாள்

ஆறவைத்த வோர்ட்டில், அதாவது இன்னும் ஈஸ்ட் சேராத தானியச் சாற்றில், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுகிறீர்கள். சற்று ஆடி, 1.050-இல் நிற்கிறது (வெறும் தண்ணீர் என்றால் 1.000). காலையில் தாளில் எழுதிவைத்த எண்ணும் அதுவே. வீட்டில் பீர் காய்ச்சுவதில் இதற்கு இணையான நிறைவு வேறில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் முறையே அது கிடைக்கலாம். எந்தெந்த இடத்தில் நாள் கெடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

'காய்ச்சுதல்' என்றதும் நம் காதுக்குச் சாராயம் வடிப்பதுதான் கேட்கும். இங்கே வடிப்பு கிடையாது, தானியச் சாற்றைக் கொதிக்கவைத்து ஈஸ்ட்டால் நொதிக்கவைப்பது மட்டுமே. வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்று பிரிட்டன் 1963-இல் விதியைத் தளர்த்தியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலனும், பெரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 கேலனும் அனுமதித்தது. தமிழ்நாட்டில் இதை வீட்டில் செய்வது சட்டப்படி குற்றம். எனவே இந்த விளக்கம் அனுமதியுள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கானது.

வேண்டியவை

ஒரே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஒரே ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) வைத்துத் தொடங்குங்கள். சுவையில் குறை வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க எளிது.

- பேல் ஏல் மால்ட் 2.5 கிலோ, உடைத்தது
- காஸ்கேட் ஹாப்ஸ் 45 கிராம் (கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் சுமார் 6%)
- யுஎஸ்-05 உலர் ஈஸ்ட், 11.5 கிராம் பாக்கெட் ஒன்று
- தண்ணீர் 16 லிட்டர்
- கொள்ளளவு 20 லிட்டருக்குக் குறையாத பாத்திரம், அதற்குள் விரியும் மெல்லிய நைலான் பை
- தெர்மோமீட்டர், ஹைட்ரோமீட்டர், தராசு
- ஏர்லாக்குடன் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) 15 லிட்டர் ஃபெர்மென்ட்டர், அதாவது நொதிக்கவைக்கும் கலன்
- பயன்படுத்தியபின் கழுவ வேண்டாத கிருமிநீக்கி (ஸ்டார் சான் போன்றது)

மால்ட்டைக் கடையிலேயே இரண்டு முறை உடைத்துத் தரச் சொல்லுங்கள். எதிர்பார்த்த எண் வராத நாள்களில் பெரும்பாலும் குற்றவாளி கரடுமுரடாக உடைத்த மால்ட்தான். உடையாத தானிய மணி ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது.

படி 1: தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமின் இருந்தால், பீரில் பிளாஸ்திரி வாடை வரும். பிறகு எதைச் செய்தாலும் அது போகாது. 16 லிட்டருக்கு, குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கலக்கிச் சில நிமிடம் விட்டால் தீர்ந்தது.

படி 2: மாஷ்

இது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை. அந்த நாளின் உயிர் இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. மொத்தத் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில், பைக்குள்ளேயே மால்ட்டைப் போட்டு ஊறவைக்கும் இந்த எளிய முறை ஆஸ்திரேலியாவில் பிறந்தது.

தண்ணீரை 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். பையை விரித்து, ஒருவர் மால்ட்டைத் தூவ இன்னொருவர் கிண்டட்டும். ரவையைக் கொட்டி உப்புமா கிண்டுவதைப் போலத்தான், கட்டி தட்டக்கூடாது. கட்டியின் நடுவே மாவு காய்ந்தே இருக்கும், அந்தச் சர்க்கரை உங்களுக்குக் கிடைக்காது. அறை வெப்பத்திலுள்ள மால்ட் விழுந்ததும் சூடு சுமார் 67-க்கு இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஏன் 67? மால்ட்டிலுள்ள இரு நொதிகளில் பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 வரையில் சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமைலேஸ் 70-ஐ ஒட்டி வேலை செய்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாதவற்றையும் விட்டுவைக்கும். 67-இல் இரண்டும் உழைக்கும். சூடு 72-க்கு ஏறி அங்கேயே நின்றால் பீர் திகட்டும். 63-இல் நின்றால் நீர்த்துப்போனதாகத் தோன்றும். கூடிவிட்டால் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கிண்டுங்கள். குறைந்தால் சிறு தீயில் கிண்டிக்கொண்டே ஏற்றலாம், ஆனால் பை அடியில் ஒட்டித் தீயாமலிருக்க முன்பே அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துவையுங்கள்.

மூடி போட்டு, பழைய போர்வைகளால் சுற்றி 60 நிமிடம் விடுங்கள். முடிவில் 65 இருந்தாலும் கவலை வேண்டாம். சந்தேகமிருந்தால் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாறு வைத்து அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது, இன்னும் 15 நிமிடம் தேவை. சோதித்த சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

படி 3: பையைத் தூக்குதல்

பையை உயர்த்தி வடியவிட்டு நன்றாகப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. துவர்ப்புக்குக் காரணம் 77 டிகிரிக்கு மேல் ஏறும் சூடும் கூடுதலான பிஎச் அளவும் (அமிலத்தன்மை குறைவதும்)தான், கையின் அழுத்தமல்ல.

இப்போது சுமார் 14 லிட்டர் இருக்க வேண்டும். ஒரு குவளை எடுத்து 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தால் 1.040-ஐ ஒட்டி வரும். சூட்டோடு அளந்தால் எண் குறைவாகக் காட்டி வீணாகப் பதறவைக்கும். உண்மையிலேயே குறைந்திருந்தால், உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றுப் பொடி) 100 கிராம் சேர்த்தால், கொதித்து ஆறிய வோர்ட்டின் எண் சுமார் 3 புள்ளி (0.003) உயரும்.

படி 4: கொதி

மூடி வேண்டாம். மால்ட்டிலிருந்து வரும் ஒரு கந்தகச் சேர்மம் ஆவியோடு வெளியேறியாக வேண்டும். அடைபட்டால் வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும். கொதி தொடங்கும் நேரத்தில் பால் பொங்குவதைப் போல நுரை எழும், அப்போது நகராதீர்கள். தீயைத் தணித்து, தண்ணீர் தெளித்தால் அடங்கும். அடங்கிய பிறகு ஹாப்ஸ்:

- கொதி தொடக்கத்தில் 20 கிராம், கசப்புக்கு
- 50-ஆம் நிமிடத்தில் 10 கிராம், சுவைக்கு
- 60-இல் அடுப்பை அணைத்ததும் 15 கிராம், மணத்துக்கு

அந்தக் கடைசிப் பிடியைப் போடும்போது எலுமிச்சைத் தோலும் பூவும் கலந்ததுபோல் ஒரு வாசம் வீடு முழுக்கப் பரவும். கொஞ்சம் நின்று அனுபவியுங்கள். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் கழிவை அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள், அது நாய்களுக்கு நஞ்சு.

படி 5: ஆறவைத்தலும் ஈஸ்ட்டும்

இதற்கு மேல் வோர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும்: கரண்டி, மூடி, ஹைட்ரோமீட்டர், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல். ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லி கலந்தால் இரண்டு நிமிடம் போதும். முதலில் தேய்த்துக் கழுவுங்கள், அழுக்கின் மேல் கிருமிநீக்கி வேலை செய்யாது.

தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பிப் பாத்திரத்தை இறக்குங்கள். சூடேறும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் விரைவில் 20-க்கு வரும். அவசரப்பட வேண்டாம். சூடான பாலில் உறை ஊற்றினால் தயிர் கெடுவதுபோல, சூடான வோர்ட்டில் ஈஸ்ட்டும் கெடும்.

உயரத்திலிருந்து ஊற்றி ஃபெர்மென்ட்டருக்கு மாற்றுங்கள், காற்றும் கலக்கும். ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்: 1.050-ஐ ஒட்டி இரண்டு மூன்று புள்ளி முன்பின் இருந்தாலும் வெற்றிதான். ஈஸ்ட்டை மேலே தூவி மூடுங்கள்.

படி 6: காத்திருத்தல்

அறை 18–20 டிகிரி இருக்கட்டும். நொதிக்கும்போது உள்ளே ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். சூடு கட்டுக்கடங்காமல் ஏறினால் பீரில் நெயில் பாலிஷ் நெடியும் தொண்டையில் காரமும் வரும். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டால் போதும்.

ஏர்லாக்கில் குமிழி நின்றது என்பதற்காகப் பாட்டிலில் அடைக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து அளந்து, மூன்று நாள் விட்டு மீண்டும் அளந்து, இரண்டும் 1.010–1.012 என்று ஒன்றாகவே நின்றால்தான் முடிந்தது. நொதித்தல் மிச்சமிருக்கும்போது அடைத்தால் கண்ணாடி வெடிக்கும், கண்ணே போகலாம். முடிந்ததென்றால் 60 கிராம் சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, பத்து லிட்டருக்கும் பொதுவாகக் கலந்து அடையுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் கரண்டியால் போட்டால் அளவு பிசகும். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டில்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

20 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு இரண்டு நாள் குளிர்பெட்டி. ஊற்றும்போது பாட்டிலைச் சாய்த்து ஒரே சீராக ஊற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் மண்டி அசைவதற்குள் நிறுத்துங்கள். பொன்னிறமாக, சுமார் 5% ஆல்கஹாலோடு, மேலே வெள்ளை நுரை கட்டி நிற்கும்.