மான் மேயும் வயலுக்கு வேட்டை அனுமதி: விண்ணப்பிக்கும் முன்னும் பின்னும் விவசாயி செய்ய வேண்டியவை

மான் கூட்டம் பயிரை மேய்ந்து முடித்த பிறகு துப்பாக்கி அனுமதிக்காக அலுவலகத்துக்கு அலைவதைவிட, விதை போடுவதற்கு முன்பே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுவது விவசாயிக்கு நல்லது. அனுமதித் தாள் மட்டும் ஒரு கதிரையும் காப்பாற்றாது. சேதத்துக்கான சான்று கையில் இருக்க வேண்டும். சொன்ன இடத்தில், சொன்ன மானைச் சுடும் பொறுப்புள்ள வேட்டைக்காரர் கிடைக்க வேண்டும். சுடப்படுபவற்றில் பெரும்பாலானவை பெண்மான்களாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டும் அதே வயல் அதே அளவுக்கு மேயப்படும்.

முதலில், மேய்ந்தது மான்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் தண்டைப் பிடித்து இழுத்துக் கிழிப்பதால், கடிபட்ட நுனி நார் நாராகப் பிய்ந்து நிற்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் வழவழப்பாக இருக்கும். குனிந்து ஒரு தண்டை விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். பன்றி வந்திருந்தால் மண் கிளறப்பட்டிருக்கும். மான் மண்ணைக் கிளறி வேரைத் தேடுவதில்லை. பழமரங்களில் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரம் வரை தளிர்கள் ஒரே மட்டமாக மேயப்பட்டு, அதற்கு மேல் பசுமையாக இருந்தால் அது மானின் வேலையே. ஈர மண்ணில் இரண்டாகப் பிளந்து முன்புறம் கூரான குளம்புத் தடமும், குவியலாகக் கிடக்கும் புழுக்கையும் இதை உறுதிப்படுத்தும். இரவில் தானாகப் படம்பிடிக்கும் கேமரா ஒன்றைக் காட்டோர வரப்பில் கட்டி வைத்தால், எத்தனை மான்கள், எந்த நேரத்தில், எந்த வழியாக வருகின்றன என்பதும் பதிவாகிவிடும். பின்னால் வேட்டைக்காரருக்கு இடம் காட்டவும் இந்தப் படங்கள் உதவும்.

எப்போது மேய்ந்தது என்பது எவ்வளவு மேய்ந்தது என்பதற்கு இணையாக முக்கியம். சோயாவின் இளநாற்றை விதையிலைகளுக்குக் கீழே கடித்துவிட்டால், மீண்டும் துளிர்க்கக் கணு இல்லாததால் அந்தச் செடி அங்கேயே முடிந்துவிடும். அதே சோயா நன்கு வளர்ந்து கிளைவிட்ட பிறகு நுனி மட்டும் மேயப்பட்டால் பக்கக் கிளைகளை விட்டு ஓரளவு தேறிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் கதிர் பட்டிழை விடும் நாட்களிலும் பால் பிடிக்கும் நாட்களிலும் ஏற்படும் சேதம் நேரடியாக விளைச்சலில் தெரியும். ஆகவே உங்கள் பயிருக்கு எந்த வாரங்கள் ஆபத்தானவை என்பதைக் கணக்கிட்டு, அந்த வாரங்கள் தொடங்கும் முன்பே அனுமதி கைக்கு வரும்படி விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர் நேரில் வந்து பார்த்த பிறகே அனுமதி தரும் இடங்கள் பல உண்டு. அந்த வருகைக்கும் நாட்கள் ஒதுக்குங்கள்.

சேதத்தை அளக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் விடுவது வருத்தத்துக்குரியது. பயிர் முளைத்தவுடன், ஒரு மீட்டர் அகலத்தில் கம்பி வலையால் செய்த கூண்டுகளை வயலின் சில இடங்களில் ஊன்றிவிடுங்கள். காட்டை ஒட்டிய ஓரத்தில் சில, நடுவயலில் சில இருக்கட்டும். கூண்டுக்குள் இருக்கும் செடிகளை மான் தொட முடியாது. மற்றபடி மண், உரம், மழை எல்லாம் வெளியே உள்ளவற்றுக்கும் அவற்றுக்கும் ஒன்றே. அறுவடையின்போது கூண்டுக்குள் விளைந்ததையும், அதன் அருகே அதே பரப்பில் வெளியே விளைந்ததையும் தனித்தனியே எடை போட்டால், இழப்பு எண்ணாகக் கிடைத்துவிடும். மானின் சேதம் பெரும்பாலும் காட்டோரத்தில் குவிந்திருக்கும் என்பதால், ஓரத்துக் கணக்கை வயல் முழுவதற்கும் பெருக்கிக் காட்டக் கூடாது. அனுபவமுள்ள அலுவலர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். தேதியிட்ட படங்கள், வயலின் வரைபடம், மேயப்பட்ட பகுதியின் பரப்பு, கூண்டுக் கணக்கு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருப்பவரின் விண்ணப்பத்தை மறுப்பது எளிதல்ல.

சுடாமல் தடுக்க என்ன செய்தீர்கள் என்ற கேள்வி பல இடங்களில் வரும், வரவும் வேண்டும். 2.4 மீட்டர் உயரமுள்ள கம்பி வலை வேலியே மானை நம்பகமாகத் தடுக்கும். அதற்கு ஆகும் செலவை விலையுயர்ந்த பழத்தோட்டமும் நாற்றங்காலும் தாங்கும். பரந்த தானிய வயல் பெரும்பாலும் தாங்காது. முறையான மின்துடிப்புக் கருவியுடன் அமைத்த வேலி உயரம் குறைவாக இருந்தாலும் பயன் தரும். குறிப்பாக, சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசையாக அமைத்தால், உயரத்தையும் அகலத்தையும் ஒருசேரக் கணிக்க முடியாமல் மான் தாண்டத் தயங்கும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது மனிதரையும் கொல்லும். அதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். அழுகிய முட்டை வாடை கொண்ட விரட்டி மருந்துகள் மழையில் கழுவப்பட்டுவிடுவதால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். வெடிச்சத்தமும் விளக்கும் சில நாட்களுக்குத்தான். மான் விரைவில் பழகிக்கொள்ளும். செய்து பார்த்தவை பலன் தராமல் போயிருந்தாலும், செய்த தேதியையும் செலவையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

அனுமதி தருவது யார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மான் பெரும்பாலும் மாநில வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருப்பதால் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. வழக்கமான வேட்டைப் பருவத்திலேயே கூடுதலாகக் கொம்பில்லாத மான்களை, அதாவது பெரும்பாலும் பெண்மான்களைச் சுட, சுட்ட மானின்மேல் கட்ட வேண்டிய அடையாள அட்டைகளை நில உரிமையாளருக்கு வழங்குவது ஒரு வகை. பருவத்துக்கு வெளியே, பயிர் நிற்கும் நாட்களில் சுட அனுமதிப்பது மற்றொரு வகை. விஸ்கான்சின் மாநிலத்தின் சேதத் தடுப்பு, இழப்பீட்டுத் திட்டத்தில் சேரும் விவசாயி, தம் நிலத்தில் பொதுமக்கள் வேட்டையாட இடம் தர வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் 7ஆம் பிரிவில், தடைக்காலத்தில் சுட்ட நில அனுபவதாரருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: அதே இன மான் சேதம் செய்தது என நம்ப நியாயமான காரணம், மேலும் கடுமையான சேதம் வரும் வாய்ப்பு, அதைத் தடுக்கச் சுடுவது தேவை என்ற நிலை ஆகிய மூன்றையும் அவர் காட்ட வேண்டும். இரவில் சுடுவதற்கு அங்கே தனி உரிமம் தேவை. ஸ்காட்லாந்து 2023 அக்டோபரில் ஆண்மான்களுக்கான தடைக்காலத்தையே நீக்கிவிட்டது.

இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, அச்சட்டம் பாதுகாக்கும் விலங்குகளின் பட்டியல்களில் இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கு ஒன்று, நிற்கும் பயிர் உட்பட உடைமைக்கு ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஆணையிட்டால் மட்டுமே அதை வேட்டையாடலாம். கூடுதல் பாதுகாப்புப் பெற்ற முதல் அட்டவணை விலங்குக்குப் பயிர்ச் சேதம் ஒரு காரணமாகவே ஏற்கப்படாது. ஆகவே வெளிநாட்டு நடைமுறையைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தூக்க வேண்டாம். சேதம் நேர்ந்தால் வனத்துறையிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து இழப்பீடு கோருவதே இங்கே முதல் படி.

தனியார் வேட்டைக்காரருக்கு இடமளிக்கும் நாடுகளில் விண்ணப்பம் எழுதும்போது, எத்தனை மான்களைச் சுட வேண்டும், யார் யார் சுடுவார்கள், எந்தெந்த நிலப் பகுதிகளில், எந்தத் தேதிகளுக்குள் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். சுடுபவரின் பெயர் அனுமதியில் இல்லையென்றால், அவரிடம் சாதாரண வேட்டை உரிமம் இருந்தாலும் பல இடங்களில் அது சட்டமீறலாகிவிடும். வரைபடத்தில் உங்கள் எல்லை, பக்கத்து வீடுகள், சாலை, பொது நடைபாதை அனைத்தையும் குறியுங்கள். கேட்கும் எண்ணிக்கையைப் பெண்மான்களாகவே கேளுங்கள். இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விவசாயியும் வேட்டைக்காரரும் மனத்தாங்கல் கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணைசேரும். ஆகையால் ஆண்மான்களில் பாதியைச் சுட்டாலும் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. வட அமெரிக்காவின் வெண்வால் மானில் நல்ல தீவனம் கிடைக்கும் பெண்மான் ஆண்டுதோறும் இரட்டைக் குட்டி ஈனுவது இயல்பு. பயிர் நிலங்களைவிட நல்ல தீவனம் அதற்கு வேறெங்கே கிடைக்கும்? தாயும் மகளும் பேத்தியுமாகப் பெண்மான்கள் ஒரே பகுதியை விடாமல் பற்றிக்கொண்டு வாழ்வதால், உங்கள் வயலை மேயும் அந்தக் குடும்பத்தைக் குறைத்தால்தான் உங்கள் வயலில் பலன் தெரியும். வேட்டைக்காரரோ பெரிய கொம்புள்ள ஆணுக்காகக் காத்திருப்பார். கண்ணெதிரே வரும் பெண்மானை விட்டுவிடுவார். அவருடைய விருப்பம் தவறானதல்ல. ஆனால் அது உங்கள் தேவைக்கு உதவாது. பல அனுமதிகள் கொம்புள்ள ஆணைச் சுடுவதையே தடை செய்வதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே வேட்டைக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பேச்சிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கோடையில், கொசுக்கடியில், கொம்பில்லாத மானுக்காகப் பல மாலைகள் வந்து காத்திருக்கச் சம்மதிப்பவரே உங்களுக்கு வேண்டியவர். அப்படி உழைப்பவருக்கு வேட்டைப் பருவத்திலும் உங்கள் நிலத்தில் முன்னுரிமை கொடுப்பது நியாயமான கைம்மாறு. பருவம் முழுவதும் நிலத்தைப் பூட்டி வைத்துவிட்டு, கோடையில் மட்டும் அனுமதி கேட்பவரை அலுவலர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. பருவத்தில் சுடப்படும் பெண்மானே அடுத்த கோடைக்கான மலிவான தடுப்பு.

உடன்பாடு எழுத்தில் இருக்கட்டும். யார் வரலாம், உடன் ஆள் அழைத்து வரலாமா, வண்டி எந்தத் தடத்தில் போகலாம், எந்தக் கதவைச் சாத்த வேண்டும், கால்நடை எங்கே நிற்கிறது, அன்றன்று வருவதையும் போவதையும் எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, வரைபடத்தோடு இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடுவதற்கு முன் சட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள்: அமெரிக்க மாநிலங்களில் கட்டணமின்றி நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு விபத்துப் பொறுப்பிலிருந்து சட்டம் தரும் பாதுகாப்பு, கட்டணம் வாங்கினால் நீங்கிவிடக்கூடும். காப்பீடும் அதற்கேற்ப மாறும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. ரைபிள் தோட்டா 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போகக்கூடியது. சமதளமான வயலில் தரையில் நின்று சுடுவதைவிட, பரண்மேல் அமர்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் தோட்டா மண்ணில் புதையும். மானுக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இல்லையென்றால் சுடக் கூடாது. வளர்ந்த சோளப் பயிர் தோட்டாவைத் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். சுடும் மாலைகளில் வயலில் வேலையாட்கள் யாரும் இருக்கக் கூடாது. பக்கத்து நிலத்தாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காயம்பட்ட மான் எல்லை தாண்டினால் தேடிப் போக அவர்களின் சம்மதம் தேவைப்படும். அதையும் அப்போதே கேட்டு வைப்பது நல்லது.

கோடை அனுமதியில் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. வெண்வால் மான் குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் பிறக்கின்றன. அந்த வாரங்களில் தாயைச் சுட்டால் பால்குடிக் குட்டி புதரில் பட்டினி கிடந்து சாகும். பயிரின் நிலை இடம்கொடுக்குமானால் முந்தைய ஆண்டுப் பெண்மான்களை முதலில் சுடும்படியும், மடி கனத்த தாயைக் குட்டி தானே மேயத் தொடங்கும்வரை விட்டுவைக்கும்படியும் வேட்டைக்காரரிடம் சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்வது சரி என்பது என் உறுதியான கருத்து.

மான் விழுந்த பிறகு வேலை முடிந்துவிடுவதில்லை. அனுமதியில் சொன்னபடி அடையாள அட்டையைக் கட்டி, பாலினம், தேதி, இடம் ஆகியவற்றை அன்றே பதிவு செய்து, குறித்த காலத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை அனுப்பாதவருக்கு மறு ஆண்டு அனுமதி கிடைப்பது அரிது. வெயில் காலத்தில் இறைச்சி விரைவில் கெடும் என்பதால், குடலை உடனே அகற்றி, குளிரூட்டும் வசதி உள்ள இடத்துக்கு அன்றே கொண்டுபோக ஏற்பாடு இருக்க வேண்டும். இறைச்சியை விற்பதற்கு அமெரிக்காவில் தடை உண்டு. உணவு வங்கிகளுக்குத் தானமாகக் கொடுக்கும் ஏற்பாடுகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. தானம் கொடுப்பதானால் ஈயத் தோட்டாவைத் தவிர்த்துச் செம்புத் தோட்டா பயன்படுத்தச் சொல்லுங்கள். ஈயம் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இறைச்சியில் தங்கிவிடும்.

மானை மெலியவைத்துக் கொல்லும் பிரியான் நோய் (உருக்குலைந்த புரதத்தால் வருவது), 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அது இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. நோய்க்காரணி மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். உங்கள் பகுதியில் அந்த நோய் இருந்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உண்ணாமல் வையுங்கள். மூளையையும் முதுகெலும்பையும் வேறு மாவட்டத்துக்கு எடுத்துச் செல்வதற்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுகளை வயலோரத்தில் வீசாதீர்கள்.

அறுவடை முடிந்ததும் கூண்டுகளுக்கு உள்ளேயும் வெளியேயும் விளைந்ததை மீண்டும் எடை போட்டு, சுடப்பட்ட பெண்மான்களின் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இழப்பு குறைந்திருந்தால் அடுத்த விண்ணப்பத்தில் குறைவான எண்ணிக்கையைக் கேளுங்கள். குறையவில்லையென்றால், சுடப்பட்டவற்றில் எத்தனை ஆண்கள், மான்கள் பகலில் தங்குவது பக்கத்து நிலத்துக் காட்டிலா, அங்கே வேட்டைக்கு இடமுண்டா என்பவற்றைப் பாருங்கள். மான்கள் அங்கே தங்குகின்றன என்றால் அந்த நில உரிமையாளரையும் அதே வேட்டைக்காரரையும் ஒருசேர உட்காரவைத்துப் பேசி, இரு நிலங்களையும் சேர்த்து விண்ணப்பிக்க இயலுமா என்று அலுவலகத்தில் கேட்பதே அடுத்த விதைப்புக்கு முன் செய்ய வேண்டிய வேலை.